பக்கத்து வீட்டுக்கு மின்சாரம் விற்பது: எந்த முறை கம்பிக்குத் தோது?

கூரையில் சோலார் தகடு போட்டவர் தனக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தைப் பக்கத்து வீட்டுக்கே விற்கட்டும் என்ற யோசனை கேட்டவுடன் பிடித்துவிடும். விற்பவருக்குக் கொஞ்சம் கூடுதல் வருமானம், வாங்குபவருக்குக் கொஞ்சம் மலிவு, மின்சாரமும் தெருவைத் தாண்டாமல் தீர்ந்துவிடும், ஆகவே பகிர்மானக் கட்டமைப்புக்கும் பளு குறையும் என்பார்கள். அந்தக் கடைசி 'ஆகவே'யை மட்டும் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள முடியாது. உள்ளூர் மின் வணிகத்துக்கு இன்று பல முறைகள் நடப்பில் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கம்பிக்கு நல்லதும் நடக்கலாம், ஒன்றுமே மாறாமலும் போகலாம், நிலைமை மோசமாகவும் ஆகலாம்.

முடிவெடுக்க வேண்டியவர் பகிர்மான நிறுவனமாக இருக்கலாம், ஒழுங்குமுறை ஆணையமாக இருக்கலாம், கூட்டாகச் சோலார் போட நினைக்கும் குடியிருப்போர் சங்கமாகவும் இருக்கலாம். மேசையில் இருப்பவை ஏறக்குறைய ஐந்து முறைகள். மிஞ்சியதை நிறுவனத்துக்கே நிர்ணயித்த விலைக்குக் கொடுத்துவிடும் பழைய முறை ஒன்று. ஒரே மின்மாற்றியின் அல்லது துணை மின்நிலையத்தின் கீழ் இருப்பவர்கள் குழுவாகப் பதிந்து, மிஞ்சியதைக் கணக்கில் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வுக் குழு இரண்டாவது. வீட்டுக்கு வீடு விலை கேட்டு வாங்கி விற்கும் நேரடி ஏலச் சந்தை மூன்றாவது. பகிர்மான நிறுவனமே வாங்குபவராக வந்து, "இந்த நேரத்தில் இவ்வளவு குறையுங்கள், பணம் தருகிறேன்" என்று கேட்கும் நெகிழ்வுச் சந்தை நான்காவது. ஐந்தாவதில் சந்தையே கிடையாது. கம்பியில் இப்போது எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டு இன்வெர்ட்டருக்கும் (சோலார் மின்சாரத்தை வீட்டுக்கும் கம்பிக்கும் ஏற்றதாக மாற்றும் கருவி) சொல்லி, அந்த அளவுக்குள் அனுப்பச் சொல்வது.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன்னால் தெருக் கம்பிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பல திட்ட அறிக்கைகள் இந்த இடத்தை ஒரே பத்தியில் தாண்டிப் போய்விடுகின்றன.

தெருக் கம்பியின் கணக்கு

நண்பகலில் ஒரு வீட்டில் 3 கிலோவாட் மிஞ்சுகிறது, எதிர்வீட்டில் 2 கிலோவாட் செலவாகிறது என்று வையுங்கள். இரண்டும் ஒரே முனையில் (ஃபேஸில்) இருந்தால், இருவருக்கும் ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த 2 கிலோவாட் எதிர்வீட்டில்தான் செலவாகும். மீதி 1 கிலோவாட் மற்ற வீடுகளையும் மின்மாற்றியையும் நோக்கிப் போகும். விற்பனை நடந்ததால் மின்னோட்டம் பாதையை மாற்றிக்கொள்வதில்லை. கணக்கில் யார் பெயருக்கு எத்தனை யூனிட் என்பது மட்டும் மாறுகிறது.

கம்பியில் ஏதாவது மாற வேண்டுமென்றால் யாராவது வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும். துவைக்கும் இயந்திரத்தை இரவிலிருந்து பகலுக்கு மாற்றலாம், காரை நண்பகலில் சார்ஜ் போடலாம். பேட்டரி வைத்திருப்பவர் அதைக் காலையிலேயே நிரப்பிவிடாமல் நண்பகல் உச்சத்துக்காகக் காலியாக வைத்திருக்கலாம். இந்தக் கடைசி விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. சாதாரணமாக வீட்டு பேட்டரிகள் வெயில் வந்தவுடன் நிரம்பத் தொடங்கும். முற்பகல் முடிவதற்குள் நிரம்பிவிட்டால், தெருவுக்கு மிகத் தேவையான நேரத்தில் அது வெறும் பெட்டி. பேட்டரி எத்தனை வீட்டில் இருக்கிறது என்பதைவிட அது எப்போது நிரம்புகிறது என்பதே கம்பிக்கு முக்கியம்.

ஒரு கற்பனைத் தெருவை எடுத்துக்கொள்வோம். 250 கிலோவோல்ட் ஆம்பியர் மின்மாற்றி, அதன் கீழ் 100 வீடு. 60 வீட்டில் தலா 5 கிலோவாட் சோலார், அதாவது மொத்தம் 300. தகடுகள் ஒரே திசையில் இருப்பதில்லை, சூடும் கொஞ்சம் குறைக்கும் என்பதால் உச்சத்தில் 85 சதவீதம் கிடைக்கிறது என்றால் 255 கிலோவாட். நண்பகலில் 100 வீட்டின் பயன்பாடு 60 கிலோவாட் என்றால், மின்மாற்றி வழியாக மேலே திரும்பிப் போவது 195. மின்மாற்றிக்கு எந்தப் பக்கம் ஓடினாலும் சூடு ஒன்றுதான், ஆகவே அது தாங்கிக்கொள்ளும்.

தாங்காதது வோல்டேஜ். தெருவின் கடைசிப் பகுதி மின்மாற்றியிலிருந்து 400 மீட்டர் தள்ளி இருக்கிறது, 95 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள் போட்டிருக்கிறார்கள் என்போம். அதன் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.32 ஓம், 400 மீட்டருக்கு 0.13 ஓம். கடைசிப் பகுதியிலிருந்து மூன்று முனையிலும் சமமாக 60 கிலோவாட் திரும்பி வந்தால் அங்கே வோல்டேஜ் கிட்டத்தட்ட 5 சதவீதம் ஏறும். மாலையில் கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் குறையக் கூடாது என்பதற்காக மின்மாற்றியின் டேப்பை (அது கொடுக்கும் வோல்டேஜைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஏற்கெனவே சற்று மேலே வைத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் எல்லையைத் தொட்டுவிடும். ஐரோப்பாவின் இஎன் 50160 தரநிலை 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 10 சதவீதம் வரை விடுகிறது. அதிலும் வாரத்தின் 10 நிமிடச் சராசரிகளில் 95 சதவீதம் அதற்குள் இருக்க வேண்டும். இதைவிடக் குறுகிய வரம்பு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. எல்லை தாண்டினால் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும், முதலில் அணைவது தெருக்கோடி வீட்டுடையது.

இன்னொரு சங்கதி, ஒருமுனை இணைப்பு. அதே 5 கிலோவாட்டை மூன்று முனையிலும் பரப்பாமல் ஒரே முனையில் அனுப்பினால், மின்னோட்டம் மூன்று மடங்காகிறது, நியூட்ரல் கம்பி வழியாகவும் அது திரும்ப வேண்டியிருக்கிறது. வோல்டேஜ் ஏற்றம் ஏறக்குறைய ஆறு மடங்கு. மேலே சொன்ன தெருவில் ஒரே ஒரு வீடு அப்படிச் செய்தால் ஏறுவது 5 முதல் 6 வோல்ட். விற்பவர் ஒரு முனையிலும் வாங்குபவர் வேறொரு முனையிலும் இருந்தால், 'தெருவுக்குள்ளேயே தீர்ந்துவிட்டது' என்று கணக்கு காட்டும். கம்பியிலோ இருவராலும் சமநிலை கெட்டு, நியூட்ரலில் மின்னோட்டம் கூடியிருக்கும். ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு வீடுகள் வேறு வேறு ஃபீடரில் (மின்மாற்றியிலிருந்து பிரிந்து வரும் கம்பித் தடம்) இருப்பதும் சகஜம். அப்போது அந்த 'பக்கத்து வீட்டு' மின்சாரம் மின்மாற்றி வரை போய்த் திரும்பித்தான் வரும்.

காசு எங்கிருந்து வருகிறது

பகிர்வுக் குழுவோ நேரடிச் சந்தையோ, பங்கேற்பவருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதி விவாதம் தெளிவாகிவிடும். சில்லறை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் மின்சாரத்தின் விலை 45, கம்பிக் கட்டணம் 35, வரி முதலியவை 20. மிஞ்சியதை நிறுவனத்துக்குக் கொடுத்தால் 40 கிடைக்கிறது. இப்போது பக்கத்து வீட்டுக்கு விற்கும்போதும் கம்பிக் கட்டணத்தையும் வரியையும் முழுதாகக் கட்ட வேண்டுமென்றால், இருவரும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ள மிஞ்சுவது 45க்கும் 40க்கும் இடையிலுள்ள 5 மட்டுமே. விற்பனைக்கான இணையத் தளத்தை நடத்துபவரின் கட்டணமும் அதிலிருந்துதான். இதற்காக யாரும் அலாரம் வைத்து எழுந்து துணி துவைக்க மாட்டார்கள்.

கம்பிக் கட்டணத்தில் பெரிய தள்ளுபடி வந்தால் கதை மாறுகிறது. ஆஸ்திரியாவில் 2021 சட்டத்துக்குப் பிறகு வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் குழுக்களில், ஒரே தாழ்வழுத்த வட்டாரத்துக்குள் பகிர்ந்தால் யூனிட் அடிப்படையிலான கம்பிக் கட்டணத்தில் 57 சதவீதம் தள்ளுபடி. வட்டாரம் பெரிதாகி நடுத்தர அழுத்தக் கம்பியையும் பயன்படுத்தினால், வீட்டு நுகர்வோருக்கு 28 சதவீதம். சுவிட்சர்லாந்தில் 2026 ஜனவரி முதல் உள்ளூர் மின் குழுக்களுக்கு 40 சதவீதம். இடையில் மின்மாற்றி வழியாகப் போக வேண்டியிருந்தால் அதில் பாதி, 20. ஆஸ்திரிய விகிதத்தை நம் கணக்கில் போட்டால் 35இல் 20 குறைகிறது, பங்கிட 5க்குப் பதில் 25 கிடைக்கிறது.

அப்படியென்றால் லாபத்தின் பெரும்பகுதி வணிகத்தால் வரவில்லை, தள்ளுபடியால் வருகிறது. அந்தத் தள்ளுபடிக்கு நியாயம் உண்டா? மேல்மட்டக் கம்பிகளைப் பயன்படுத்தாதவர் அதற்குக் கட்ட வேண்டாம் என்பது நியாயம்தான். ஆனால் கம்பிச் செலவில் பெரும்பங்கு யூனிட்டைப் பொறுத்து மாறுவதில்லை. மாலை உச்சத்தைத் தாங்கும் அளவுக்குக் கம்பியும் மின்மாற்றியும் போட்டாகிவிட்டது. பகலில் உள்ளூரில் பகிர்ந்துவிட்டு மாலையில் வழக்கம்போல மேலிருந்து இழுக்கும் குழு, அந்தச் செலவை ஒரு துளியும் குறைக்கவில்லை. குறைந்த வசூலைக் குழுவில் இல்லாதவர்கள், அதாவது சொந்தக் கூரை இல்லாதவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும், ஈடுகட்டுவார்கள். சுவிஸ் முறையில் மின்மாற்றியைத் தாண்டினால் தள்ளுபடி பாதியாவது எனக்குப் பிடித்திருக்கிறது. எந்தக் கம்பியைப் பயன்படுத்துகிறீர்களோ அதற்குக் கட்டுங்கள் என்பதை அது ஓரளவுக்காவது சொல்கிறது.

இத்தாலி வேறு வழியில் போகிறது. ஒரே முதன்மைத் துணை மின்நிலையத்தின் கீழ் இருக்கும் உறுப்பினர்கள் ஒரு மணி நேரத்தில் கம்பிக்குள் அனுப்பியது எவ்வளவு, அதே மணி நேரத்தில் எடுத்தது எவ்வளவு என்று பார்த்து, இரண்டில் எது குறைவோ அதைப் 'பகிர்ந்த ஆற்றல்' என்று கணக்கிட்டு அதற்கு ஊக்கத்தொகை தருகிறார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் பழைய விநியோகஸ்தரையே வைத்துக்கொள்ளலாம், மின் கட்டண ரசீதும் பழையபடியே வரும். குறைந்தபட்சம் நேரம் ஒத்துப்போக வேண்டும் என்ற செய்தி இதில் இருக்கிறது. துணை மின்நிலையம் என்பது ஒரு தெருவைவிட மிகப் பெரிய எல்லை. அதனால் தெருக்கோடி வீட்டின் வோல்டேஜுக்கு இதனால் உத்தரவாதம் எதுவும் இல்லை.

பழைய முறையும் பகிர்வுக் குழுவும்

நிர்ணய விலை முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எளிது, யாருக்கும் குழப்பமில்லை, நடத்தையையும் மாற்றாது. அதன் இன்னொரு வடிவமான நெட் மீட்டரிங்கில் நண்பகலில் கொடுத்த ஒரு யூனிட்டும் மாலையில் எடுத்த ஒரு யூனிட்டும் சரிக்குச் சரி. கம்பியே இலவச பேட்டரி ஆகிவிடுகிறது, நண்பகலில் பயன்படுத்தத் தூண்டுதலே இல்லாமல் போகிறது. சோலார் அபூர்வமாக இருந்த காலத்தில் அது பரவாயில்லை.

பகிர்வுக் குழுவில் தீர்மானிக்க வேண்டியது பங்கீட்டு விதி. நிலையான பங்கு என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே எழுதிவிடுவது. ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் அவர் பங்கு, பக்கத்து வீட்டில் தேவை இருந்தும், கணக்கில் வெளியே போகும். மாறும் பங்கில் அந்தந்த 15 நிமிடமோ மணி நேரமோ யார் எவ்வளவு எடுத்தார்களோ அதற்கேற்பப் பிரியும். கம்பியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் 'நண்பகலில் பயன்படுத்தினால் உனக்கு மலிவு' என்ற செய்தி மாறும் பங்கில்தான் உயிரோடு இருக்கிறது, ஆகவே அதுவே மேல்.

குழுவுக்குப் பொதுவான பேட்டரி வாங்குவது என்று முடிவானால் அதை எங்கே வைப்பது என்பதை இடவசதி பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் கற்பனைத் தெருவில் கோடியிலிருந்து வரும் 60 கிலோவாட்டில் 30ஐ அங்கேயே ஒரு பேட்டரி உறிஞ்சிக்கொண்டால் வோல்டேஜ் ஏற்றம் 5 சதவீதத்திலிருந்து பாதியாகக் குறையும். அதே பேட்டரியை மின்மாற்றிக்குப் பக்கத்தில் வைத்தால் மின்மாற்றியின் பளு குறையும், கோடியிலிருந்து வரும் கேபிளில் ஏறும் 5 சதவீதம் அப்படியே இருக்கும். கணக்குப் புத்தகத்தில் இரண்டு இடத்துக்கும் ஒரே மதிப்பு என்பதுதான் வேடிக்கை.

நேரடி ஏலச் சந்தை

இதுதான் செய்திகளில் அதிகம் அடிபட்டது. 2016 ஏப்ரலில் நியூயார்க்கின் புரூக்ளினில், எல்ஓ3 எனர்ஜி என்ற நிறுவனம் பிளாக்செயின் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் கணக்கேடு) வழியாக அண்டை வீட்டார் இருவருக்கு இடையே சோலார் மின்சார விற்பனையை நடத்திக் காட்டியது. மின்சாரம் போனதென்னவோ அங்கிருந்த பழைய விநியோக நிறுவனத்தின் கம்பியில்தான். அடுத்து சுவிட்சர்லாந்தின் வாலன்ஸ்டாட் நகரில் 2019இல் ஏறக்குறைய ஓராண்டு நடந்த குவார்ட்டியர்ஸ்ட்ரோம் திட்டம்; 37 பங்கேற்பாளர்கள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை இருபக்க ஏலம். விற்பவர் தனக்கு இவ்வளவாவது வேண்டும் என்றும் வாங்குபவர் இவ்வளவுக்கு மேல் தரமாட்டேன் என்றும் பதிந்து வைக்க, மென்பொருள் ஜோடி சேர்த்தது. உள்ளூர் விநியோக நிறுவனமே திட்டத்தில் சேர்ந்திருந்தது. உள்ளூர் விற்பனைக்குக் கம்பிக் கட்டணமும் குறைக்கப்பட்டிருந்தது. அந்தக் குறைப்பைத் தவிர்த்துவிட்டு அதன் முடிவுகளை மேற்கோள் காட்டுவது சரியாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வழிகாட்டு ஆணையிலேயே நேருக்கு நேர் மின் வணிகத்துக்கு விளக்கம் கொடுத்துவிட்டது. ஆகவே சட்டம் ஓரளவு தயார், மென்பொருளும் தயார். கம்பிப் பக்கத்தில்தான் இடிக்கிறது.

இந்தச் சந்தையின் விலை தெருவில் மின்சாரம் அதிகமா குறைவா என்பதைச் சொல்லும். கம்பியில் இடம் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. நண்பகலில் விற்பவர் கூட்டம், விலை இறங்குகிறது. தானியங்கிச் சார்ஜர்கள் அதைப் பார்த்துவிட்டு எல்லாக் கார்களையும் ஒரே சமயத்தில் இணைக்கின்றன. தலா 7 கிலோவாட்டில் 40 கார் என்றால் 280. சூரியன் 255 கொடுத்துக்கொண்டிருக்கும்வரை மின்மாற்றிக்குக் கவலையில்லை. ஒரு பெரிய மேகம் வந்து சோலார் 60க்கு விழுந்தால், அடுத்த 15 நிமிட விலை வரும்வரை 280ம் வீட்டுப் பயன்பாடான 60ம் சேர்ந்து 340, அதில் 60 போக 280 கிலோவாட் மின்மாற்றி வழியாக வரும். 250க்கான மின்மாற்றி அது. ஒருமுறை நடந்தால் ஒன்றும் ஆகாது, தினமும் நடந்தால் அதன் ஆயுள் குறையும். பகிர்மானப் பொறியாளர்கள் தெருவுக்கு மின்மாற்றி போடும்போது எல்லா வீடும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகாது என்ற நம்பிக்கையில்தான் அளவு தீர்மானிக்கிறார்கள். ஒரே விலையைப் பார்த்து எல்லா இயந்திரமும் ஒன்றாக எழுந்திருக்கும் ஏற்பாடு அந்த நம்பிக்கையின் அடிமடியிலேயே கைவைக்கிறது.

இதற்கு மருந்து, இடத்துக்கு இடம் மாறும் கம்பிக் கட்டணத்தை ஏலத்துக்குள்ளேயே சேர்ப்பது. கோட்பாட்டில் மிக அழகான தீர்வு. நடைமுறையில் அதற்கு எந்த வீடு எந்த முனையில், கேபிள் எந்தத் தடிமனில், எங்கே பிரிகிறது என்ற விவரமெல்லாம் வேண்டும். தாழ்வழுத்தப் பக்கத்தில் அந்த வரைபடம் துல்லியமாக இல்லாத பகிர்மான நிறுவனங்கள் உலகம் முழுவதும் நிறைய. தவிர, கோடி வீட்டுக்காரர் எப்போதும் குறைந்த விலைக்கே விற்க வேண்டிவரும். அவர் வீட்டை அங்கே கட்டியபோது யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நெகிழ்வுச் சந்தை

இங்கே பகிர்மான நிறுவனம் நேரடியாகத் தன் பிரச்சினைக்கு விலை வைக்கிறது. நெதர்லாந்தில் 2019 முதல் இயங்கும் கோபாக்ஸ் நல்ல உதாரணம். நெரிசல் உள்ள இடத்தில் உற்பத்தியைக் குறைக்கச் சம்மதிப்பவரின் ஆணையையும், நெரிசல் இல்லாத இடத்தில் கூட்டச் சம்மதிப்பவரின் ஆணையையும் ஜோடி சேர்க்கிறார்கள். நாட்டின் மொத்தச் சமநிலை கெடாது. இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்பி நடத்துபவர்கள் கட்டுகிறார்கள். பிரிட்டனிலும் பகிர்மான நிறுவனங்கள் குறிப்பிட்ட துணை மின்நிலையங்களுக்கு நெகிழ்வுத் திறனை டெண்டர் விட்டு வாங்குகின்றன. தயாராக இருப்பதற்கு ஒரு தொகை, கூப்பிட்டபோது செய்ததற்கு ஒரு தொகை என்று பிரித்துக் கொடுப்பதும் உண்டு.

இதுவரை பார்த்தவற்றில் கம்பியைப் பற்றி உண்மையிலேயே கேள்வி கேட்கும் வணிகம் இது ஒன்றுதான். குறைகளும் அதற்கேற்ற அளவில் இருக்கின்றன. 'குறைத்தேன்' என்று நிரூபிக்க, கூப்பிடாமல் இருந்திருந்தால் எவ்வளவு எடுத்திருப்பார் என்று ஊகிக்க வேண்டும். நாளை நெரிசல் வரும் என்று தெரிந்தால், முதலில் கூட்டிவைத்துப் பிறகு காசு வாங்கிக்கொண்டு குறைப்பதில் ஒருவருக்கு லாபம் இருக்கிறது. ஜெர்மனியின் வடமேற்கில் காற்றாலைகள் நிறைந்த பகுதியில் 2020 வரை நடந்த எனெரா சோதனைச் சந்தையைச் சுற்றியும் இந்தத் தில்லுமுல்லு பற்றிய விவாதம்தான் பெரிதாக ஓடியது. இன்னொன்று, ஆள் பற்றாக்குறை. ஒரு மாவட்டத்துக்கான துணை மின்நிலையம் என்றால் விற்க வருபவர்கள் போதிய அளவில் இருப்பார்கள். 100 வீட்டுத் தெருவில் பேட்டரி உள்ளவர் பத்துப் பேர், அதில் எட்டை ஒரே நிறுவனம் இயக்குகிறது என்றால் அங்கே சந்தை என்ற பெயர்ப்பலகை மட்டுமே இருக்கும். ஆகவே இது நடுத்தர அழுத்தத்துக்குப் பொருந்துகிறது. தெருவுக்குள் இறக்கினால், தினசரி ஏலத்தைவிட நீண்டகால ஒப்பந்தம்தான் ஏமாற்றுக்கு இடம் குறைவாகக் கொடுக்கும்.

மாறும் ஏற்றுமதி வரம்பு

தெற்கு ஆஸ்திரேலியாவில் வீட்டுச் சோலார் அளவுக்கு மீறிப் பெருகியதில் இந்த வழி வளர்ந்தது. பழைய ஏற்பாட்டில் ஒருமுனை இணைப்புள்ள வீடு அதிகபட்சம் 5 கிலோவாட் மட்டுமே கம்பிக்குள் அனுப்பலாம். நெரிசல் மிகுந்த இடங்களில் நிரந்தர வரம்பு 1.5 வரைகூட இறங்கியது. புதிய நெகிழ்வு ஏற்பாட்டில் வரம்பு 1.5க்கும் 10க்கும் இடையே நிலைமைக்கேற்ப மாறும். கம்பி காலியாக இருக்கும் பெரும்பாலான நேரத்தில் 10 வரை அனுப்பலாம், நெருக்கடியான சில மணி நேரம் மட்டும் இறங்கும். இணையத் தொடர்பு அறுந்தால் இன்வெர்ட்டர் பாதுகாப்பாக 1.5க்கு வந்துவிடும்.

வணிகம் பேசுபவர்களுக்கு இது கட்டளைப் பொருளாதாரம் போலத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லையைச் சொல்லிவிட்டு அதற்குள் யார் யாருக்கு வேண்டுமானாலும் விற்கட்டும் என்று விட்டுவிட்டால், ஏலச் சந்தையின் மேகப் பிரச்சினையும் கூட்டமாக எழும் பிரச்சினையும் பெரிதும் அடங்கிவிடுகின்றன, இறக்குமதிக்கும் அதே மாதிரி வரம்பு வைத்தால். சண்டை வரப்போவது நியாயத்தில். எல்லோருக்கும் சமமான வரம்பு என்றால் கோடி வீட்டின் நிலைமைக்காக மின்மாற்றியடி வீடும் குறைத்துக்கொள்ள வேண்டும், மொத்தத்தில் வீணாவது அதிகம். கம்பி தாங்கும் அளவுக்கு அதிகபட்சம் அனுப்புவோம் என்றால் கோடி வீடு எப்போதும் தியாகம் செய்யும். இரண்டுக்கும் நடுவே, கோடி வீடு இழப்பதை மற்றவர் லாபத்திலிருந்து ஈடுகட்டும் விதியைப் பகிர்வுக் குழுவில் எழுதலாம். குழுவும் வரம்பும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடம் இது.

எதை எடுப்பது

சந்தை எதுவும் தொடங்குவதற்கு முன்னால் செலவில்லாத வேலைகள் சில உண்டு. முனைகளைச் சரிசமமாகப் பிரித்து மாட்டுவது, மின்மாற்றியின் டேப்பை ஒரு படி இறக்க முடியுமா என்று பார்ப்பது, இன்வெர்ட்டரில் ஏற்கெனவே இருக்கும் வோல்டேஜ் கட்டுப்பாட்டை இயக்குவது. கடைசியதற்கு எல்லை உண்டு. நிலத்தடிக் கேபிளில் தடை அதிகம், வினைமறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு மட்டும் கம்பி காட்டும் இன்னொரு வகை எதிர்ப்பு) அதில் கால் பங்குதான். ஆகவே எதிர்வினைத் திறனை (ரியாக்டிவ் பவர், அதாவது வேலை எதுவும் செய்யாமல் கம்பிக்கும் கருவிக்கும் இடையே போய்வரும் மின்திறன்) உறிஞ்சி வோல்டேஜை இறக்கும் தந்திரம் அங்கே கொஞ்சம்தான் பலிக்கும். மேல்நிலைக் கம்பியில் நன்றாகவே பலிக்கும். இவற்றைச் செய்யாமல் ஏலத் தளத்துக்குப் பணம் ஒதுக்கும் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

அப்புறம், உங்கள் கம்பியின் நோய் என்ன என்பதைப் பொறுத்தது. நெரிசல் இன்னும் வரவில்லை, மக்களைச் சோலாரில் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் மாறும் பங்குள்ள பகிர்வுக் குழு போதும். எல்லையை மின்மாற்றியோடோ துணை மின்நிலையத்தோடோ கட்டுங்கள். கம்பிக் கட்டணத் தள்ளுபடியை அடக்கமாக வையுங்கள்; ஒருமுறை தாராளமாகக் கொடுத்ததைத் திரும்ப எடுப்பது அரசியல்ரீதியாக ஏறக்குறைய முடியாத காரியம். நெட் மீட்டரிங் பட்டபாட்டைப் பல நாடுகள் பார்த்துவிட்டன.

நண்பகலில் கோடி வீட்டு வோல்டேஜ் எகிறுவதுதான் பிரச்சினை என்றால் மாறும் வரம்பை முதலில் கொண்டுவாருங்கள், அதன்மேல் குழுவை வையுங்கள், பொது பேட்டரி வாங்கினால் கோடியில் வையுங்கள். மாலை உச்சத்தில் துணை மின்நிலையம் திணறுகிறது என்றால் பகல் நேரப் பகிர்வால் பயன் இல்லை. அங்கே நீண்டகால நெகிழ்வு ஒப்பந்தமும், மாலை நேரக் கம்பிக் கட்டணத்தை உயர்த்துவதும்தான் வேலை செய்யும். ஒரு புதிய மின்மாற்றியின் விலையை ஒப்பந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். சில தெருக்களில் மின்மாற்றியே மலிவாக இருக்கும், அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

நேரடி ஏலத்தை நான் இந்த வரிசையில் கடைசியில்தான் வைப்பேன். குழுவுக்குள் ஒருவர் தன் பங்கை உறவினருக்கோ பள்ளிக்கோ கொடுக்க விரும்பினால் அதற்கான வசதியாக அது இருக்கட்டும். கம்பிப் பிரச்சினைக்கான மருந்தாக அல்ல.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒன்று, தெருக்கோடி வீடுகளின் வோல்டேஜை ஸ்மார்ட் மீட்டரிலிருந்து 15 நிமிட இடைவெளியில் ஓராண்டுக்காவது எடுத்து, எந்த வீடு எந்த முனை என்ற பட்டியலோடு குழுவுக்குத் தருவதாகப் பகிர்மான நிறுவனத்தின் ஒப்புதல். மற்றது, வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் அணைந்ததால் விற்ற மின்சாரத்தைத் தர முடியாமல் போனால், அந்தக் குறையை வாங்கி நிரப்பும் செலவு விற்றவருடையதா, குழுவுடையதா, கம்பி நடத்துபவருடையதா என்ற விதி.